புரியும் மொழியில் விளக்கப்பட்டது

1

இந்தக் கதையை எழுதச் சொல்லிக் கேட்டவர் காது கேளாதோர் சங்கத்தின் செயலாளர். கேட்டது வாயால் அல்ல. என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் இடது புருவத்தின் நடுவே ஆள்காட்டி விரலால் ஒரு கோடு கிழித்தார். அது டாக்டரம்மாவின் பெயர். சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் கையால் சொல்லும் ஒரு பெயர் உண்டு. டாக்டரம்மாவின் புருவத்தை ஒரு தழும்பு இரண்டாக வெட்டியிருக்கும் என்பதால் இந்தப் பெயர். அடுத்து எழுதுவதுபோல் காட்டினார். பிறகு இரண்டு விரல். இரண்டு பக்கம் போதும்.

டாக்டரம்மா இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. நினைவுக் கூட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தார்கள். நான் பத்திரிகைகளில் கதை எழுதுகிறவன் என்பது சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மூன்று வருடமாக அங்கே சைகை மொழி கற்கப் போகிறேன். ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போக வேண்டாமா என்று நான் சொன்ன காரணத்தை நம்பிவிட்டார்கள். ஓய்வுக்கு முன்னால் எங்கே வேலை பார்த்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. (கையையும் திறக்கவில்லை என்று எழுதினால் சாமர்த்தியமாக இருக்கும். சாமர்த்தியத்தை இந்தக் கதைக்கு வெளியே நிறுத்தி வைக்கப் பார்க்கிறேன்.)

சரியென்று ஒப்புக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. அந்த இரண்டு பக்கம் இன்னும் முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: "அவர் பிறந்த அன்று ஊரே திரண்டு —"

ஊர் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "ஆயிரம் உயிர்களைக் காத்த அந்தத் தெய்வக் கைகள் —"

இதைப் படித்திருந்தால் டாக்டரம்மா காகிதத்தைக் கசக்கி என் முகத்தில் எறிந்திருப்பார். அவர் எறிகிறவர்தான். முனை மழுங்கிய கத்தரியைக் கொடுத்த நர்ஸின் காலடியில் அந்தக் கத்தரி வந்து விழுந்ததுண்டு.

மூன்றாவதைத் தொடர்கிறேன், ஏனென்றால் அதை அவரே சங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற ஒரு தொழிலாளியை அவருடைய அண்ணன் கூட்டிவந்தார். தொழிலாளிக்குக் காது கேட்காது. டாக்டரம்மா அண்ணனிடம் விசாரித்தார். ரெண்டு நாளாக வயிற்று வலி, வெளியே எதையாவது தின்றிருப்பான் என்றார் அண்ணன். அதற்குள் தொழிலாளி தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். மேல்வயிற்றில் கையை மூடி வைத்து, சட்டென்று விரல்களை விரித்தார். மறுபடியும் தோள். மறுபடியும் விரித்த விரல்கள். டாக்டரம்மா அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அஜீரணத்துக்கு மருந்து எழுதிப் படுக்கையில் சேர்த்தார். மறுநாள் மத்தியானம் தொழிலாளி இறந்துபோனார்.

இரைப்பையில் ஓட்டை விழுந்தால் தோள்பட்டை வலிக்கும். எல்லா டாக்டர்களும் படித்த பாடம் அது. "என்ன வியாதின்னு அந்த மனுஷன் எனக்குக் கத்துக்கொடுத்துக்கிட்டே இருந்தார். நான்தான் கவனிக்கலை" என்றாராம் டாக்டரம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சங்கத்துக்குப் போனார். நாலு மாதம் அவரோடு யாரும் கை பேசவில்லை. உட்கார், பார் என்று மட்டும் காட்டினார்கள். உட்கார்ந்து பார்த்தார்.

3

அதன்பிறகு இருபத்தேழு வருடம் கத்தி பிடித்தார். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை காலையைக் காது கேளாதவர்களுக்கென்று ஒதுக்கினார். பெயரை மூன்று தடவை கூப்பிட்டு, வரவில்லை என்று சீட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவது வழக்கமாக இருந்தது. எதிரே இருக்கும் பெஞ்சிலேயே அந்த ஆள் உட்கார்ந்திருப்பார். கதவுக்கு மேலே எண் எரியும் ஒரு பலகையை மாட்டவைக்க டாக்டரம்மா ஒன்றரை வருடம் சண்டை போட்டார்.

உதடு தெரிய வேண்டுமென்று முகமூடியின் நடுவில் கண்ணாடித்தாள் வைத்துத் தைக்கச் சொன்னார். மூச்சு பட்டு அது மங்கிப்போகும். மூன்று தடவை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. தைத்துக்கொடுத்தவர் சங்கத்துக்கு வரும் ஒரு தையல்காரப் பெண். காது கேளாதவர். அளவுகளையெல்லாம் குண்டு குண்டான எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரம்மாவுக்கும் நினைவிருந்தது.

ஆபரேஷன் தியேட்டரில் படுக்க வைத்ததும் இரண்டு கைகளையும் பக்கவாட்டுப் பலகையில் பட்டையால் கட்டுவார்கள். காது கேளாதவரின் கையைக் கட்டுவதும் மற்றவர் வாயில் துணியை அடைப்பதும் ஒன்று என்று டாக்டரம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

* அவரை மகானாக எழுதுவது சுலபம். சங்கத்துக்காரர்கள் அதற்கு விடவில்லை. நாம் பாதி சொல்வதற்குள் மீதியை அவரே முடித்துவிடுவார் என்று புகார் சொன்னார்கள். ஒரு தடவை சங்கத் தலைவர் பதவிக்கு அவர் பெயர் வந்தபோது, காது கேட்கிறவர்கள் வெளியே எல்லா நாற்காலியிலும் இருக்கிறார்கள், இந்த ஒன்றையாவது விட்டுவையுங்கள் என்று மறுத்தார்கள். டாக்டரம்மா கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து, எதுவும் நடக்காததுபோல் டீ கிளாஸ்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

செயலாளர் கேட்ட இரண்டு பக்கம் இங்கே முடிந்துவிடுகிறது. இதோடு நிறுத்தி, மறைவால் சங்கம் ஆழ்ந்த துயரம் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

4

அந்த ஆஸ்பத்திரியில் அட்மிஷன் மேசைக் குமாஸ்தாவாக இருந்தவன் நான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பிற்பகல், அந்தத் தையல்காரப் பெண்ணைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நிறைமாதம். இரண்டாவது பிரசவம். கூட வந்தவர் அவருடைய நாத்தனார். புருஷனுக்கும் காது கேட்காது, வெளியூரில் வேலை, தகவல் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, உடனே சிசேரியன் என்று உள்ளேயிருந்து நர்ஸ் சொன்னார். பிரசவம் பார்க்கும் டாக்டர் அன்று விடுப்பு. டாக்டரம்மா வேறொரு ஆபரேஷனை முடித்துக்கொண்டிருந்தார். நான் சம்மதப் படிவத்தை எடுத்தேன்.

"நாத்தனாரின் கண்ணில் ஒரு குரூரம் —"

பொய். அவர் கண்ணில் இருந்தது களைப்புதான். அண்ணிக்கு வலி வந்ததிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அண்ணியின் செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அவரை வில்லியாக்கினால் என் பங்கு சின்னதாகத் தெரியும் என்றுதான் என் பேனா அந்தப் பக்கம் போகிறது.

நாத்தனார் மேசையில் சாய்ந்து, தணிந்த குரலில், "குடும்பக் கட்டுப்பாடும் சேத்தே எழுதிடுங்க தம்பி. மூத்ததுக்கும் காது கேக்கலை. இன்னொண்ணு இப்படி வந்தா யாரு பாக்கறது?" என்றார்.

நோயாளியிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நோயாளி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்து எழுதினேன். சிசேரியன், உடன் கருத்தடை அறுவை. படிவத்தின் கடைசி வரி அச்சிலேயே இருக்கும்: நோயாளிக்கு அவருக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது. விளக்கியவர் கையொப்பம் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

நோயாளியின் கையெழுத்துக்கு வந்தேன். அவர் கையை நீட்டினார். பேனா பிடிக்கிற மாதிரி விரல்களைக் குவித்து நீட்டினார். இன்றைக்கும் அந்த விரல்கள் எனக்குத் தெரிகின்றன. நான் அவருடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, படிவத்தில் வைத்தேன். பேனா என்றால் அவர் படித்துப் பார்ப்பார், நேரமாகும். சக்கர நாற்காலி உள்ளே போனது.

5

தியேட்டருக்குள் நான் இல்லை. இந்தப் பகுதி தலைமை நர்ஸ் சொன்னது. (அவர் சொல்லாத இடங்களை என் கற்பனையால் நிரப்ப மாட்டேன். மூன்று தடவை நிரப்பி மூன்று தடவையும் அடித்தாயிற்று.)

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது முதுகில் மயக்க ஊசி போட்டாகிவிட்டது. இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும், ஆள் விழித்திருப்பார். நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். அவசரத்தில் இரண்டு கைகளையும் பலகையில் கட்டிவிட்டிருந்தார்கள். டாக்டரம்மா மறைப்பைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். தன் முகமூடியைத் தைத்தவர் என்று தெரிந்ததும், நான்தான், பயப்படாதே என்று கையால் சொன்னார். கட்டை அவிழ்க்கச் சொன்னார். வலது கையில் சலைன் ஏறுகிறது, குழந்தையின் துடிப்பு எண்பதுக்கு வந்துவிட்டது, அப்புறம் பார்க்கலாம் மேடம் என்றார் மயக்க மருந்து டாக்டர். டாக்டரம்மா திரும்பிப் போய்க் கத்தியை எடுத்தார்.

ஐந்து நிமிடத்தில் குழந்தை வெளியே வந்தது. முதலில் சத்தமில்லை. பிறகு அழுதது. பெண் குழந்தை.

கருப்பையைத் தைத்து முடித்த நேரத்தில் நர்ஸ் படிவத்தைப் பார்த்து, குடும்பக் கட்டுப்பாடும் இருக்கிறது மேடம், ரேகை வாங்கியாச்சு என்றார்.

டாக்டரம்மாவின் கை நின்றது. "ரேகையா? அவளுக்கு எழுதத் தெரியுமே" என்றார்.

"ரேகைதான் மேடம். கட்டைவிரல்ல இன்னும் மை இருக்கு."

"இடது கையை அவிழ்த்து விடுங்க. இந்தத் துணியை இறக்குங்க."

யாரும் அசையவில்லை. வயிறு திறந்து கிடக்கிறது. மயக்க மருந்து டாக்டர், ரத்த அழுத்தம் இறங்குகிறது, சம்மதம் காகிதத்தில் இருக்கிறது, கருக்குழாயைக் கட்டிவிட்டு மூடுங்கள் என்றார். டாக்டரம்மா நர்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். நர்ஸ் பட்டையை அவிழ்த்தார். துணியை முகம் தெரியுமளவுக்கு இறக்கினார்.

டாக்டரம்மா ரத்தம் தோய்ந்த கையுறையோடு, அந்த ரத்தம் சொட்டாமல் கைகளை உயர்த்திக் கேட்டார். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. இனிமேல் குழந்தையே பிறக்காதபடி செய்யச் சொல்லி எழுதியிருக்கிறது. உனக்குத் தெரியுமா? வேண்டுமா?

தையல்காரப் பெண்ணுக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு கைதான் இருந்தது. ஒரு கையால் பேசுவது பாதி வாயால் பேசுவது மாதிரி. அந்தக் கையைப் பக்கவாட்டில் அசைத்தார். வேண்டாம்.

"எது வேணாம்? ஆபரேஷன் வேணாமா, குழந்தை வேணாமா?" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

நியாயமான கேள்வி. டாக்டரம்மா வேறு விதமாக இன்னொரு தடவை கேட்டார். தையல்காரப் பெண் இந்தத் தடவை நீளமாகப் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று நர்ஸுக்குத் தெரியாது, அவருக்குச் சைகை புரியாது. டாக்டரம்மா கேட்டு முடித்துவிட்டுக் கருத்தடை செய்யாமல் வயிற்றை மூடினார். இந்தப் பேச்சு நாலு நிமிடம் எடுத்தது என்று தியேட்டர் குறிப்பில் இருக்கிறது. மூடும்போது ரத்தப்போக்கு அதிகமாகி, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. தாய் பிழைத்துக்கொண்டார்.

6

நாத்தனார் புகார் கொடுத்தார். சம்மதம் கொடுத்த ஆபரேஷனைச் செய்யவில்லை, வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பேசி உயிருக்கு ஆபத்து வரவைத்தார் என்று. ஒரு மாதம் கழித்து விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் ஒரு முனையில் டாக்டரம்மா, மறுமுனையில் நான். தையல்காரப் பெண்ணை அழைக்கவில்லை. அவர் தரப்பைச் சொல்ல நாத்தனார் வந்திருக்கிறாரே என்றார்கள்.

எழுதினதை எழுதினபடியே சொல்லிவிடு, உனக்கு ஒன்றும் ஆகாது என்று ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் முந்தின நாளே சொல்லியிருந்தார்.

விசாரணைத் தலைவர் படிவத்தை என் பக்கம் திருப்பி, "இந்தக் கையெழுத்து உங்களோடதா? நோயாளிக்கு விளக்கினீங்களா?" என்றார்.

"ஆமா சார்."

"எப்படி விளக்கினீங்க?"

"சைகையில, சார்."

எனக்கு அன்றைக்கு ஒரு சைகையும் தெரியாது. அப்போது டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். கையை உயர்த்தி, நிதானமாக, என்னிடம் ஏதோ கேட்டார். நெஞ்சருகே ஏதோ செய்தார். பிறகு என்னைச் சுட்டினார்.

வாயால் பேசுங்கள் மேடம் என்றார் தலைவர்.

"அவருக்குத்தான் சைகை தெரியுமே. சின்னக் கேள்விதான். பதில் சொல்லட்டும்" என்றார் டாக்டரம்மா.

எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. இல்லை, தெரியாது, விளக்கவில்லை: மூன்றே வார்த்தை. அந்த மூன்றும் வாய்க்குள் வந்து நின்றன. நான் மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினேன்.

டாக்டரம்மா அதைப் பார்த்தார். பிறகு தலைவரிடம், "சரி, பதில் வந்துடுச்சு" என்று சொல்லிக் கைகளை மேசைக்குக் கீழே போட்டுக்கொண்டார்.

பதினாலு மாதம் அவரைத் தியேட்டருக்குள் விடக்கூடாது என்று தீர்ப்பு.

* சங்கத்தில் சேர்ந்த மூன்றாம் வாரம், உணர்ச்சிகளுக்கான சைகைகளை வகுப்பில் காட்டினார்கள். நெஞ்சருகே கை நடுங்குவது பயம். ஆளைச் சுட்டினால் உனக்கு. உனக்குப் பயமா? நான் வகுப்பைவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன்.

7

அந்தப் பதினாலு மாதமும் டாக்டரம்மா வெளிநோயாளிப் பிரிவில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினார். ஞாயிறுதோறும் சங்கத்தில் உட்கார்ந்து ஒரு புதுப் படிவம் தயாரித்தார். படங்களோடு, ஒரு வரிக்கு ஒரு கேள்வி. சைகை தெரிந்த ஒருவரும் நோயாளியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். தியேட்டருக்குத் திரும்பிய முதல் நாள் அதை என் மேசையில் வைத்தார். "நூறு பிரதி எடுத்து வைங்க" என்றார். அவர் ஓய்வு பெறும்வரை, அடுத்த பதினோரு வருடமும் என்னிடம் வேலைக்கான பேச்சுதான். கத்தரி எறிகிறவர் என் மேல் ஒரு சொல்லைக்கூட எறியவில்லை. அது கருணையா அலட்சியமா என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரியாமலே என்னை விட்டதுதான் அவர் கொடுத்த தண்டனையோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இந்தக் கதைக்கு வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் நான் விசாரணையிலேயே எழுந்து உண்மையைச் சொல்கிறேன். படிக்க நன்றாக இருக்கிறது, நடக்கவில்லை.

இன்னொன்றில் அவர் வீட்டுக்குப் போகிறேன், அவர் என்னை மன்னித்து — நான் சேர்வதற்குள் அவர் சங்கத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தார். அவர் வீட்டு வாசல் கேட் வரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை போனபோது வாசலில் நிறைய செருப்புகள் கிடந்தன.

தையல்காரருக்கு அப்புறம் குழந்தை பிறந்ததா, அதற்குக் காது கேட்டதா என்று வாசகர்கள் கேட்பார்கள். பிறந்திருந்தால் டாக்டரம்மா செய்தது சரி, இல்லையென்றால் தப்பு என்று கணக்குப் போடுவதற்கு. அதை எழுத மாட்டேன்.

8

ஏழு பகுதியையும் நேற்றுக் காலை செயலாளரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். நாலாம் பகுதியில் உட்கார்ந்தார். முடித்துவிட்டுத் தாள்களை மடித்தார். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "முதலில் அவர் படிக்க வேண்டும். இன்றே."

பிற்பகல் மூன்று மணிக்குத் தையல்காரர் சங்கத்துக்கு வந்தார். இப்போது நாற்பத்தெட்டு வயது. மூக்குக் கண்ணாடி. மூன்று வருடமாக ஞாயிறுதோறும் எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவர். ஒரு தடவை என் சைகையைத் திருத்தி, சுண்டுவிரலை நிமிர்த்திவிட்டிருக்கிறார். என்னை அடையாளம் தெரியுமா என்று ஒவ்வொரு ஞாயிறும் அவர் முகத்தில் தேடியிருக்கிறேன்.

வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். நான்காம் பகுதியில் விரல் நின்றது. முதல் வரிக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மீதியைப் படித்தார். அவர் காகிதங்களை மேசையில் தட்டி ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்ததும், எனக்குத் தெரிந்த சைகையில் சொன்னேன். அன்றைக்கு எழுதியது நான். பொய் சொன்னது நான். இரண்டாவது வாக்கியம் குழறியது. திரும்பவும் சொன்னேன்.

முதல் நாளே தெரியும் என்றார் அவர்.

அப்புறம் ஐந்தாம் பகுதியை எடுத்துப் பிரித்தார். வேண்டாம் என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். அது சரி என்று காட்டினார். அடுத்த பதில், நர்ஸுக்குப் புரியாத அந்த நீளமான பதில் இருக்க வேண்டிய இடத்தைத் தட்டினார். இரண்டு கைகளையும் உயர்த்தி அதைச் சொன்னார். எனக்காக மெதுவாக, ஒரு சொல்லும் தவறாமல் சொன்னார். நான் கேட்டேன். எல்லாமே புரிந்தது. டாக்டரம்மா ஏன் வயிற்றை மூடினார் என்று புரிந்தது. இன்னொரு குழந்தை வேண்டுமென்று கேட்டிருப்பார் என்றுதான் இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்; காரணம் அது இல்லை.

அதை இங்கே சேர்த்துவிடட்டுமா என்று கேட்டு, பேனாவை எடுத்தேன். செயலாளர் என் மணிக்கட்டைப் பிடித்தார். தையல்காரர் தலையசைத்து மறுத்தார். நாளைக்கு இதை நீயே மேடையில் படி, எல்லாப் பகுதியையும் படி, அந்த இடம் வந்ததும் நிறுத்து, நான் எழுந்து வருகிறேன் என்றார். நான் சொல்லி முடிக்கும்வரை நீ மேடையைவிட்டு இறங்கக்கூடாது என்றார். நாத்தனாரும் வருகிறார் என்றார். அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஆகவே அந்தப் பதிலை நான் எழுதப்போவதில்லை. அவர் கேட்காததை ஒரு தடவை அவர் பெயரில் எழுதியிருக்கிறேன், அதுவே போதும். அதன்பிறகு அந்த அறையில் இருக்கிறவர்கள் என்னை என்ன செய்வார்கள், நாத்தனார் எந்தப் பக்கம் திரும்புவார், நான் கடைசிவரை மேடையில் நிற்பேனா, இதெல்லாம் எனக்கே தெரியாது.

முடிவு தெரிய வேண்டுமென்றால் நேரில் வந்துவிடுங்கள். இன்று நாலு மணி, டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. படி செங்குத்தாக இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. பார்த்து ஏறுங்கள்.